அண்ணனுக்கு ஒரு கூறு

கடையில் விற்கிற பன்றி இறைச்சியை என் அண்ணன் தொடமாட்டான். "இதுல வாசமே இல்லலா, டிஸ்யூ பேப்பரத் திங்கிற மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிடுவான். காட்டுப்பன்றி என்றால் அவன் சட்டியைச் சுரண்டுகிற சத்தம் முன்வாசல் வரைக்கும் கேட்கும். அதனால், அவன் செத்த பிறகு கருமாதிப் படையலில் என்ன வைப்பது என்று சொந்தக்காரர்கள் பேசியபோது, மூலையில் சுருண்டு கிடந்த அம்மா தலையைத் தூக்கி ஒரே வார்த்தைதான் சொன்னார். "காட்டுக்கறி."

அதற்கு முன் இரண்டு நாளாக அம்மா பேசவே இல்லை. பேசின முதல் வார்த்தை அது. எப்படியாவது கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குள்ளே முடிவாகிவிட்டது.

எங்கள் வீடு மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம், இப்போது செம்பனை. செம்பனை முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கும். அண்ணன் ஈப்போவில் லாரி ஓட்டினான். நான் அங்கேயே ஒரு பேக்டரியில் வேலை செய்கிறேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். அவன் அதுவும் படிக்கவில்லை. மழை பெய்த ஒரு காலையில் வேலைக்குப் போகிற வழியில் அவனுடைய மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டது. அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வேலை முடிந்து வந்தால் அவன் ஹாரன் அடிக்கமாட்டான். கேட்டுக்கு வெளியே நின்று நாக்கை மடித்து ஒரு விசில் ஊதுவான். அடியில் ஆரம்பித்து மேலே ஏறி, கேள்வி கேட்கிற மாதிரி முடியும். சின்ன வயதில் நானும் பழகிக்கொண்டேன். அவன் வெளியே ஊதினால் நான் உள்ளே இருந்து ஊதிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். "ரெண்டும் கோட்டான் மாதிரி கத்துதுங்க" என்று அம்மா ஏசுவார். இப்போதும் சாயங்காலம் ஆனால் என் காது கேட் பக்கம்தான் இருக்கிறது. மோட்டார் சத்தம் எது கேட்டாலும் வாயில் எச்சில் கூட்டி வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் காட்டுக்குப் போவான். கூடப் போகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் கெபுன் மாமா. காட்டோரத்தில் அவருக்கு டுரியானும் வாழையும் போட்ட ஒரு கெபுன் இருக்கிறது, அதனால் அந்தப் பெயர். துப்பாக்கி அவருடையது, அதற்கு அரசாங்கம் கொடுத்த லெசெனும் அவர் பெயரில். இன்னொருவன் அண்ணனோடு லாரியில் போகிற கூட்டாளி. நாய்கள் மட்டும் அண்ணனுடையவை. அவனிடம் துப்பாக்கி இல்லை, அதைத் தொடவும் அவனுக்கு ஆசை இல்லை. நாய்களை ஏவுவதும் திரும்பக் கூப்பிடுவதும்தான் அவன் வேலை.

அவன் வேட்டைக்குப் போவது எனக்குப் பிடிக்காது. இரண்டு பேரும் அதற்காகச் சண்டை போடுகிற இடம், பேக்டரி பஸ் என்னை இறக்கிவிடுகிற முச்சந்தியில் இருக்கிற நானா கடை, ஒரு தமிழ் முஸ்லிமுடைய டீக்கடை. அண்ணன் தே தாரிக் டீயை ஆற வைத்துவிட்டு கைப்பேசியில் ஆப்பிரிக்கா பார்த்துக்கொண்டிருப்பான். காசு கட்டி, அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, யானையையும் சிங்கத்தையும் சுடுகிற வெளிநாட்டுக்காரர்களின் வீடியோ.

"இங்க பாரு. இந்த ஆளு ஒரு சிங்கத்தச் சுட எவ்வளவு கட்டுறான் தெரியுமா? அந்தக் காசுலதான் அந்தக் காட்டுக்குக் காவல் போடுறாங்க."

"சிங்கத்தக் காப்பாத்த சிங்கத்தச் சுடணுமா? நல்லா இருக்கே கத."

"கெழட்டுச் சிங்கம்லா. குட்டி போடுற வயசு தாண்டிப்போனது."

"அப்ப நீ போய் அதுகிட்ட சொல்லு. ஐயா, உங்களச் சுட்டா உங்க பேரப்பிள்ளைங்க நல்லா இருக்கும், கொஞ்சம் நேரா நில்லுங்கன்னு."

கல்லாவில் இருந்த நானாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "டேய், உன் தங்கச்சிய கோர்ட்டுக்கு அனுப்புடா. சிங்கத்துக்கு வக்கீலா நிக்கட்டும்."

"நீங்க சும்மா இருங்க நானா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கும் தெரியாதுப்பா. என் கடையில சிங்கம் பேசு, யானை பேசு. நீ ஞாயித்துக்கிழம புடிக்கிற அந்த நாலு கால் பேர மட்டும் எடுக்காத."

அண்ணன் விடமாட்டான். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போடுவான். "சுடுறது அசிங்கம், சரி, ஒத்துக்கிறேன். சுடாம விட்டா அந்த எடம் சும்மா கெடக்குமா? மாடு மேய்ப்பான், சோளம் போடுவான். அப்புறம் சிங்கம் எங்க நிக்கும்? நம்ம பக்கமே பாரு. ஆத்துக்கு அந்தாண்ட மேட்டுக் காடு எங்க போச்சு? அத யாரு சுட்டா? ஒருத்தனும் சுடல. வெட்டி டுரியான் போட்டுட்டான்."

"நம்ம பக்கம் எவனும் காசு கட்டிச் சுடலயே. அப்ப நம்ம காட்ட யாரு பாத்துக்குவா?"

"அதான்லா நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஆறிப்போன தேயை ஒரே மூச்சில் குடித்துவிடுவான்.

என்றைக்காவது அந்த ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டும் என்பது அவன் ஆசை. சுடுவதற்கு இல்லை. "யாராச்சும் சுடட்டும். நான் முன்னால நடந்து கால் தடம் பாத்துக் குடுப்பேன். அந்த வேலைக்கு என்னய எடுத்துக்குவான்களா?" என்று என்னிடமே கேட்பான், பேக்டரியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்கிற மாதிரி. பாஸ்போர்ட் கூட இல்லாதவன்.

சும்மா வாய்ப் பேச்சு என்று அவனைத் தள்ளிவிடவும் முடியாது. காட்டில் சிலர் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். மானுக்கு என்று வைப்பது, புலி, தாப்பிர், கரடிக்குட்டி எது காலை விட்டாலும் இறுக்கிவிடும். அண்ணன் கண்ணில் பட்ட கண்ணியை எல்லாம் அறுத்து, சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவான். எங்கள் பின்பக்கச் சுவரில் இன்னும் கொத்தாகத் தொங்குகின்றன. "துப்பாக்கிக்குப் பின்னால ஒரு மனுசன் இருக்கான். எது முன்னால நிக்குதுன்னு பாப்பான். கம்பி எதப் பாக்கும்?" என்பான். லெசென் வைத்திருக்கிற தாங்கள் போய் வந்துகொண்டிருந்தால்தான் கம்பிக்காரன் பயப்படுவான் என்பது அவன் கட்சி.

ஒரு நாள் கேட்டேன். "கம்பி எல்லாம் எங்க இருந்துச்சு?"

"பாதையோரமா."

"யாரு போட்ட பாத?"

அது அவர்கள் பாராங் கத்தியால் வெட்டிப் போட்ட பாதை. வேட்டைக்குப் போக இவர்கள் வெட்டிய வழியிலேயே கம்பிக்காரனும் சுகமாக நடந்து போகிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வேட்டையை விட்டுவிட்டு அந்தப் பாதையின் வாயில் முள்ளும் கிளையும் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு வந்தார்கள். கையெல்லாம் கீறலோடு வந்து உட்கார்ந்து, "சந்தோஷமா வக்கீலம்மா?" என்றான்.

பிறகு பன்றிகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காட்டுப்பன்றிகள் செம்பனைக்கு அடியில் செத்துக் கிடந்து தோட்டமே நாறியது. லெசெனில் இல்லாத ஒரு சட்டத்தை அண்ணன் அப்போது போட்டான். குட்டியோடு இருக்கிறதைச் சுடக்கூடாது. நாய்கள் அப்படி ஒன்றை மடக்கினால் உடனே விசில் ஊதி நாய்களைக் கூப்பிட்டுக்கொள்வான். பாதி ஞாயிற்றுக்கிழமைகள் வெறுங்கையோடுதான் வந்தார்கள்.

கருமாதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கெபுன் மாமாவும் கூட்டாளியும் கிளம்பியபோது நானும் செருப்பை மாட்டிக்கொண்டு போய் மாமாவின் சின்ன லாரியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"இது என்னா மாமா?" என்றான் கூட்டாளி. "பொம்பளப் பிள்ள. அதுவும் தீட்டு வீடு."

"கீழ எறங்கச் சொல்லிப் பாரு" என்றார் மாமா.

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கம் போய் ஏறிக்கொண்டான். கறிக்காகப் போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னை விட்டுவிட்டு அவன் எங்கே போனான் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது. அவன் கால் வைத்த மண் அங்கே இன்னும் இருக்குமே.

காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு முனியாண்டி கல் இருக்கிறது. சுருட்டுப் பற்ற வைத்து, சாம்பிராணி போட்டு, உத்தரவு கேட்காமல் யாரும் உள்ளே போகமாட்டார்கள். தீட்டு என்பதால் என்னைச் செம்பனை மரத்தடியிலேயே நிறுத்திவிட்டார்கள். தூரத்திலிருந்து புகையைப் பார்த்தேன். எனக்காகக் கேட்க உரிமை இல்லை என்றாலும், ஒன்றே ஒன்று கொடுத்துவிடு, பெரியதாகக்கூட வேண்டாம் என்று மனதுக்குள் கேட்டுவிட்டேன்.

அடைத்து வைத்த பாதையை யாரோ பிரித்திருந்தார்கள். கிளைகள் ஓரமாக ஒதுக்கிக் கிடந்தன. கொஞ்ச தூரத்திலேயே ஒரு கண்ணி. மோட்டார் கிளட்ச் கம்பி, புதுசு, இலை போட்டு மூடியிருந்தது. மாமா குறடால் வெட்டி எடுத்தார்.

"நம்ம போட்ட ரோடு" என்று கூட்டாளி காறித் துப்பினான். "நம்ம போகாட்டி இவனும் வந்திருக்கமாட்டான்."

"நம்ம வராட்டி இது இங்கயே இருந்திருக்கும்" என்றார் மாமா, கம்பியைப் பையில் போட்டுக்கொண்டே.

இரண்டு பேரும் சொன்னது சரி மாதிரிதான் எனக்குப் பட்டது. அண்ணன் இருந்திருந்தால் நானா கடையில் ஒரு மாதத்துக்கு இதையே வைத்து அடித்துக்கொண்டிருப்போம்.

நாய்கள் முன்னால் ஓடின. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. சிற்றோடையைத் தாண்டி நடக்கும்போது திடீரென்று குரைப்பு மாறியது. "மடக்கிருச்சுங்க" என்று கூட்டாளி ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். கிடைத்துவிட்டது, அம்மாவிடம் போய்ச் சொல்லலாம் என்ற சந்தோஷம்.

விழுந்து கிடந்த ஒரு மரத்துக்கும் பிரம்புப் புதருக்கும் நடுவில் பன்றி நின்றது. முதுகு மயிரெல்லாம் எழுந்து நின்றது. மாமா துப்பாக்கியைத் தோளில் வைத்தார். அப்படியே நின்றார். பிறகு மெதுவாக இறக்கினார்.

"குட்டி" என்றார்.

பிறகுதான் நானும் பார்த்தேன். அதன் வயிற்றுக்கு அடியில் கோடு போட்ட குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன.

"மாமா, இது மச்சானோட படையலுக்கு" என்றான் கூட்டாளி. அழுகிற மாதிரி இருந்தது அவன் குரல். "இந்த ஒரு தடவ."

"அவன் இருந்தா இந்நேரம் நாயக் கூப்புட்டிருப்பான்."

"அவன்தான் இல்லயே!"

எனக்கு அதைச் சுட வேண்டும் போலத்தான் இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? அத்தனை நாள் சிங்கத்துக்காகச் சண்டை போட்ட நான்தான். சுடுங்க மாமா என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நாய்கள் நெருங்கிப் போய்க்கொண்டிருந்தன. கூட்டாளி கத்திப் பார்த்தான், சரளைக் கல்லை எடுத்து எறிந்து பார்த்தான். அவை கேட்கவில்லை. கறுப்பு நாய் ஒரு குட்டியின் காலைப் பிடித்து இழுத்தது, குட்டி வீறிட்டது.

மாமா என் பக்கம் திரும்பினார். "பாப்பா. இதுங்க நம்ம பேச்சக் கேக்காது. அவன் ஊதுவானே, அது உனக்குத் தெரியும்லா?"

தெரியும். நான் சும்மா நின்றால் போதும். நாய்கள் குட்டிகளைக் கிழித்துவிடும், தாய் பாயும், மாமா சுட்டுத்தான் ஆகவேண்டும். அம்மா கேட்டது கிடைத்துவிடும். நான் ஒன்றும் செய்யவேண்டியது கூட இல்லை. அந்த நினைப்பு வந்தபோதே அண்ணன் முகமும் வந்தது. ஏசுகிற முகம் இல்லை. கையெல்லாம் கீறலோடு, சந்தோஷமா வக்கீலம்மா என்று கேட்டானே, அந்த முகம்.

நாக்கை மடித்தேன். வாய் காய்ந்திருந்தது, வெறும் காற்றுதான் வந்தது. எச்சிலைக் கூட்டி மறுபடி ஊதினேன். அடியில் ஆரம்பித்து, மேலே ஏறி.

நாய்கள் சட்டென்று விட்டுவிட்டன. காதை நிமிர்த்தின. பிறகு எல்லாம் என்னைப் பார்த்து ஓடி வந்தன, வாலை ஆட்டிக்கொண்டு, அவ்வளவு வேகமாக. வந்தவை என்னிடம் நிற்கவில்லை. என்னைத் தாண்டி ஓடி, பின்னால் இருந்த புதரைச் சுற்றி மோப்பம் பிடித்தன. கறுப்பு நாய் பாதைக்கு நடுவில் போய் நின்று, நாங்கள் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது.

நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

நாங்கள் திரும்பிப் பார்த்தபோது பிரம்புப் புதரில் ஒன்றும் இல்லை.

வருகிற வழியில் கூட்டாளி முன்னால் நடந்தான். ஓடைக்கரையில் ஒரு பெத்தாய் மரம் நின்றது. தின்றால் மறுநாளும் நாறுகிற காட்டு அவரை. அதைப் பார்த்துவிட்டு, "வெறுங்கையோட அந்த அம்மா மூஞ்சிய எப்படிப் பாக்குறது?" என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று ஏறிவிட்டான். முறுக்கிக்கொண்டு தொங்கிய காய்களைக் கொத்துக் கொத்தாகக் கீழே தள்ளினான்.

மாமாவின் கெபுன் கொட்டகையில் ஒரு கான்வாஸ் விரிப்பு இருக்கிறது. கறி கிடைத்தால் அதில்தான் கூறு போடுவார்கள். ஆளுக்கு ஒரு கூறு, துப்பாக்கிக்கு ஒரு கூறு, நாய்களுக்கு ஒரு கூறு. போட்ட பிறகு ஒருவன் விரிப்புக்கு முதுகைக் காட்டி நிற்பான். இன்னொருவன் ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பான். முதுகைக் காட்டுகிறவன் பார்க்காமல் ஆளைச் சொல்வான். பெரிய கூறு யாருக்குப் போனாலும் கேள்வி கிடையாது. அன்றைக்கு மாமா பெத்தாயை எடுத்து அதே மாதிரி கூறு போட ஆரம்பித்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

போட்டு முடித்ததும் மாமா நிமிர்ந்து, "யாரு திரும்புறது?" என்றார்.

கூட்டாளி என்னைப் பார்த்தான். "எப்பவும் ஒங்க அண்ணன்தான் திரும்புவான். ஒனக்குத் தெரியாதுலா, கறி கெடச்சா ஒனக்கும் ஒரு கூறு உண்டு. இது யாருக்குன்னு நான் கேட்டா, 'அது சிங்கத்து வக்கீலுக்கு. ஃபீஸ்'ம்பான்."

எனக்குத் தெரியாது. அவன் கொண்டுவந்த கறியெல்லாம் அவன் பங்கு என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதில் என்னுடையதும் இருந்திருக்கிறது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பால் போய்விடுவேன்.

நான் திரும்பி நின்றேன். எதிரே செம்பனை, அதற்கு மேலே மழைக்குக் கறுத்த வானம்.

"இது யாருக்கு?" என்றான் கூட்டாளி பின்னாலிருந்து.

"மாமாவுக்கு."

"இது?"

"நாய்ங்களுக்கு."

"நாய் பெத்தாய் திங்குமாலா?"

"குடு. நாளைக்கு நாறட்டும்."

மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. கூட்டாளி அடுத்ததற்குப் போனான். "இது யாருக்கு?"

"துப்பாக்கிக்கு. சுடாததுக்கு."

"இது?"

"அண்ணனுக்கு" என்றேன்.

கூட்டாளி அதைத் தனியாக எடுத்து இலையில் மடிக்கிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு நாங்கள் செய்தது அந்தக் காட்டுக்கு நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அந்தத் தாயும் குட்டிகளும் அடுத்த வாரமே யாரோ வைத்த கம்பியில் மாட்டியிருக்கலாம். மாமா இப்போதும் லெசெனைப் புதுப்பித்து வைத்திருக்கிறார், அதிகம் போவதில்லை. போகாத வாரங்களில் பாதையில் கம்பி கூடுகிறது என்கிறார் கூட்டாளியிடம். போனால் பாதை அகலமாகிறது என்கிறான் கூட்டாளி. ஆப்பிரிக்காவில் என்ன நடக்கிறதோ? அண்ணனுக்குத்தான் தெரியும். நானா கடையில் அவன் உட்கார்கிற நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, அவன் பேச வேண்டியதையும் சேர்த்து நானே எனக்குள் பேசிக்கொள்கிறேன். இப்போதெல்லாம் பாதி நேரம் அவன் கட்சிதான் ஜெயிக்கிறது.

கருமாதியன்று வாழையிலையில் சோறு, சாம்பார், அவனுக்குப் பிடித்த டின் பால் காப்பி, ஒரு பாக்கெட் சிகரெட் எல்லாம் வைத்தோம். கறி வைக்கிற இடம் காலியாக இருந்தது. நான் மிளகாய் போட்டு வதக்கிய பெத்தாய்ச் சம்பலைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தேன்.

அம்மா மூக்கைச் சுளித்தார். அண்ணனுக்குப் பெத்தாய் வாடையே ஆகாது. நான் அதைச் சமைத்தால் வீட்டுக்குள் வராமல் மோட்டாரிலேயே உட்கார்ந்திருப்பான்.

"என்னாடி இது? அவனுக்கு இதப் போயி வைக்கிற?"

"அவன் கூறும்மா. அவனுக்குன்னு விழுந்தது."

நடந்ததைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.

"இந்த நாத்தத்துக்கு எந்திரிச்சி வந்து ஒன்னய ஏசப்போறான் பாரு" என்றார்.

"வரட்டும்மா" என்றேன்.